அனுராதபுரத்துப் பெரிய வெள்ளி

நான் முதன்முதலில் ரயிலேறியது இலங்கையில். தூத்துக்குடி ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அந்த ரயிலில் ஏற வழியில்லாதவள், கடல் தாண்டிப் போய் ஏறினேன். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த சமயம் அது. எனக்கு ஏழு வயது.

அப்பா கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டல், தோணியை நடத்துகிறவர். அதில்தான் அம்மாவும் நானும் போனோம். அம்மாவின் சிநேகிதி கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கோயிலில் என்னைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள்தான். அவளை நான் சித்தி என்பேன். சித்தியைப் பார்த்துவிட்டு ரயிலில் ஊர் சுற்றலாம் என்று அம்மா ஆசை காட்டியிருந்தாள்.

அம்மாவுக்கு நெஞ்சில் காசநோய். இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் கடலில் போய்விடும். என்னை ஞானத்தாயிடம் ஒப்படைக்கத்தான் அம்மா அவ்வளவு தூரம் வந்தாள். எனக்கு அது தெரியாது. வெகுகாலம் கழித்து ஞானத்தாய் சொல்லித்தான் தெரியும்.

போய் இறங்கிய அன்றே அம்மா கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு பிள்ளையைக் குழியில வச்சவ நான். எங்கிட்ட எதுவும் தங்காதுளா. வேற ஆளப் பாரு" என்றாளாம் ஞானத்தாய்.

"கோயில்ல கை நீட்டி வாங்கினவ நீதான? இப்ப மடக்குனா எப்படி?"

"அன்னைக்கு எனக்குப் பயம் இல்ல."

பிள்ளை தன்னிடம் ஒட்டுகிறதா பார்ப்போம் என்ற அளவுக்குத்தான் அவள் இறங்கி வந்தாள். அதற்காகத்தான் அந்த ரயில் பயணம்.

முதலில் கண்டி. அங்கே புத்தருடைய பல்லை வைத்துக் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

"ஒத்தப் பல்லுக்கா இம்புட்டுப் பெரிய கோயில்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

பதில் ஞானத்தாயிடமிருந்து வந்தது. "ஒங்க அம்மைக்கு வாய் நெறையப் பல்லு இருக்கு, ஒரு குடிசை கட்டிக் குடுக்க ஆளில்ல பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் அவளோடு பழகியதாகிவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதே நான் அப்படித்தான், யாரிடமும் போகமாட்டேன். அவள் தந்த பிஸ்கட் என் கையிலேயே நமுத்துப்போனது.

ரயிலில் அம்மா எதிர் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர் வைத்திருந்தாள். மடியில் படுக்கப் போனால், "அங்கன போளா, சித்திகிட்ட இரு" என்பாள். என்மேல் என்ன கோபமோ என்று நான் தேயிலைத் தோட்டங்களையும் சுரங்கப்பாதைகளையும் பார்த்து அழுதுகொண்டே போனேன். உலகத்திலேயே அழகான ரயில்பாதை அது என்று பிற்பாடு பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு அனுராதபுரம். அங்கே ஒரு பாறைக்கோயிலுக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. கல்லில் செதுக்கிய பெரிய சுரூபம் ஒன்று கண்மூடிப் படுத்திருந்தது. எங்கள் ஊரில் இயேசு மரித்த பெரிய வெள்ளியன்று அவர் சுரூபத்தை இப்படித்தான் கிடத்தியிருப்பார்கள். எல்லாரும் அழுது, பாதத்தை முத்தி செய்து, முத்தமிட்டுவிட்டு நகருவோம். இங்கே ஒருவரும் அழாமல் பூ வைத்துவிட்டுப் போனது எனக்கு ஆறவில்லை. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு முழந்தாளிட்டேன். தெரிந்த செபத்தையெல்லாம் சொல்லி, ஊரார் பங்கையும் சேர்த்து நானே அழுதேன்.

பாதம் எட்டவில்லை. ஊரில் அம்மாதான் தூக்கிவிடுவாள். அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினேன். அம்மா ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

நான் அப்படியே திரும்பி, ஞானத்தாயிடம் கையை நீட்டினேன். "தூக்குங்க சித்தி."

அவள் தூக்கினாள். நான் பாதத்தை முத்தி செய்தேன். காவல்காரர் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் ஊர்க் கோயிலைக் கவனிக்கும் கோயில்பிள்ளையும் பெரிய வெள்ளியன்று "நகரு, நகரு" என்று விரட்டுகிறவர்தான். அதனால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வெளியே வந்தும் ஞானத்தாய் என்னை இறக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தாள்.

"இடுப்பு நோவப் போவுது, எறக்குளா" என்றாள் அம்மா.

"எறக்க மாட்டேன். நீ ஒன் சோலியப் பாரு."

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொழும்புக்குத் திரும்பும் ரயிலில் அம்மா ஆளே மாறிப்போனாள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எதையாவது வாங்கித் தின்றாள். ஞானத்தாயைச் சின்ன வயதுப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்தாள். இருமல் வந்தால் இருமிவிட்டு மறுபடியும் சிரித்தாள். அம்மாவுக்கு நோய் சரியாகிவிட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

அதனால் துறைமுகத்தில், "கொஞ்ச நாள் சித்திகூட இரு, நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்று அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்பா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரும்போது தின்ன நம்மூரு மக்ரூன் வாங்கிட்டு வா. நனையாமக் கொண்டு வரணும்" என்றேன்.

"எத்தனை?"

"பத்து."

அம்மா தலையாட்டினாள். கேட்டதும் தருகிறாளே என்று எனக்கு ஆசை கூடியது.

"இருவது" என்றேன்.

அதற்கும் தலையாட்டிவிட்டு அம்மா தோணியில் ஏறினாள். இன்னும் கூடக் கேட்டிருக்கலாமே என்ற நினைப்புதான் எனக்கு, சித்தி வீடு வந்து சேரும்வரை.