யூசுப் பாயின் நீலத் தோங்குகள்

அன்று ஒரு கல்யாண மாலை என் கையில் பாதி கட்டியபடி இருந்தது. விடிந்தும் விடியாத நேரம். பாசிர் கூடாங் ரசாயன ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகள் எங்கள் கடை வரிசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கைப்பேசியில் ஆயிஷாவின் பெயர் வந்தது. யூசுப் பாயின் ஒரே மகள், சிங்கப்பூரில் வேலை பார்ப்பவள். அந்த நேரத்தில் எல்லைப் பாலத்தைத் தாண்டும் அவசரத்தில் இருப்பாள், யாருக்கும் போன் போட மாட்டாள். "அத்தை, வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றாள். சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தவர் நெஞ்சு வலி என்று சாய்ந்தாராம். அவ்வளவுதான்.

மாலையை வாளியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் இறந்துபோன எத்தனையோ பேருக்கு நான் மாலை கட்டியிருக்கிறேன். என்னை வாய்க்கு வந்தபடி திட்டியவர்களுக்குக்கூட நல்ல ரோஜாவாகப் பொறுக்கி வைத்துத்தான் கட்டினேன். பாய்க்கு மட்டும் கட்ட முடியாது. அவர்கள் ஜனாஸாவுக்கு மாலை கிடையாது. அடக்கிய கபுர்மேல் உதிரிப்பூ தூவுகிற வழக்கம் இங்கே உண்டு. பாய் அதையும் வேண்டாமென்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். பூ வாடிவிடும், பிளாஸ்டிக் பை மட்டும் அங்கேயே கிடக்கும் என்று. சாகிற விஷயத்திலும் குப்பையைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார் மனிதர். பூக்காரியான நான் வெறுங்கையோடு போய் நின்றேன். அந்த வேதனை இன்னும் தீரவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பூக்கடைக்குப் பக்கத்தில் உணவகம் வைத்திருந்தார். இராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பம். ரொட்டிச் சானாய்க்கும் நுரைக்க ஆற்றிய தே தாரே தேநீருக்கும் பேர் போன கடை. ஆனால் எனக்கு அவர் அறிமுகமானது கடையின் பின்பக்கத்தில். கடை திறந்த புதிதில், ஒருநாள் சாயங்காலம் வாடிய பூவைக் கறுப்புப் பையில் கட்டிப் பெரிய குப்பைத்தொட்டிக்குக் கொண்டு போனேன். தேத்தூள் வாளியோடு அவர் வழியில் நின்றார்.

"சாமிக்குப் போட வச்சிருந்த பூவ ஏம்மா மீன் முள்ளோட போடுற? இங்க கொண்டா, தங்கச்சி."

ஒரு பாய் இதைச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டே பையோடு அவர் பின்னால் போனேன். அவர் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓட்டை போட்ட நீலப் பீப்பாய்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் தோங்குகள், வரிசையாக நின்றன. சாயம் இறங்கிய தேத்தூள், வெங்காயத் தோல், முட்டை ஓடு, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை எல்லாம் மக்கி உரமாக அதில்தான் போகும். மீனும் இறைச்சியும் கறி எண்ணெயும் விழவே கூடாது. விழுந்தால் சமையல்காரருக்கு அர்ச்சனைதான். அன்றிலிருந்து என் பூவும் அதில் சேர்ந்தது. கல்யாண மண்டபத்தில் கழற்றிப் போட்டது, கோயிலில் இறக்கியது, கடையில் விற்காமல் நின்றது என எதையும் விடாதே, எடுத்து வா என்பார்.

எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு நோன்பு மாதத்தில் நன்றாகச் சறுக்கினார். பகலில் கடை கிடையாது, சமையற்கழிவு குறைந்துவிட்டது. எனக்கோ அந்த நேரம் பார்த்து ஒரே கல்யாண ஆர்டர். பூ மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இவ்வளவையும் போடலாமா என்று கேட்டேன். பூதானே, மணக்கும், கொட்டு என்றுவிட்டார். சில நாளில் கிளம்பியது பாருங்கள் ஒரு நாற்றம்! எங்கள் ஊரில் காற்றில் கொஞ்சம் வாடை வந்தாலே மக்களுக்குக் கதி கலங்கும். எந்த ஆலையில் என்ன கசிந்ததோ என்று பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தோடு பாங்குக்காகக் காத்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். சிலர் மோட்டார் சைக்கிளையே கிளப்பிவிட்டார்கள். பாய் கையைத் தூக்கிக்கொண்டு, ஆலை இல்லை, நம்ம தோங்குதான், உட்காருங்க என்று ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டு போனார். பாவம், முகமே செத்துப்போனது.

தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கடையில் இருந்த அட்டைப்பெட்டி, முட்டை அட்டை எல்லாவற்றையும் கிழித்துக் கிழித்து அந்த அழுகல் பூவோடு கலந்தார். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் கிழித்துக் கொடுத்தேன். அப்போது சொன்னார்.

"பூன்னாலும் தனியாக் கிடந்தா நாறித்தான் போகும், தங்கச்சி. கூட ஏதாச்சும் வேணும்."

அதிகம் பேசித் திருத்துகிற ஆளும் இல்லை. சோறு மிச்சம் வைக்கிறவர்களிடம் அரைச் சோறு போதுமா என்று முதலிலேயே கேட்டுவிடுவார். பொட்டலம் வாங்க வருகிறவர் தூக்குச்சட்டி கொண்டுவந்தால் குழம்பு ஒரு கரண்டி கூட விழும். அதற்காகவே ஷிப்டுக்குப் போகும் பையன்கள் மோட்டார் சைக்கிளில் தூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். எனக்கும் ஒரு பாடம் நடந்தது. ஒருநாள் காலை என் கடைக் கதவில் நைலான் நூலும் சரிகையும் ஒரு கொத்தாகத் தொங்கின. உரத்திலிருந்து பொறுக்கியவை, என் மாலைகளில் இருந்தவை. அவர் ஒன்றும் தெரியாதவர் போல ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் வாழைநாரில்தான் கட்டுகிறேன்.

எனக்கு வாய்க்கொழுப்பு உண்டு, எல்லோருக்கும் தெரியும். ஊருக்கே மாலை கட்டுகிறேன், உங்களுக்குக் கட்டத்தான் வழியில்லையே பாய் என்று ஒருமுறை விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"நீ கட்டுற மாலையெல்லாம் கடைசியில எங்கிட்டதானே வருது."

அவரை அடக்கிய பிறகு உணவகத்தைத் திறக்கவில்லை. இனித் திறக்கப் போவதும் இல்லை என்றாள் ஆயிஷா. நான் பழக்கத்தில் பூவைக் கொண்டுபோய்த் தோங்கில் கொட்டிவிட்டு நின்றேன். கூடப் போட ஒன்றும் இல்லை. தேத்தூள் இல்லை, வெங்காயத் தோல் இல்லை. பூ தனியாகக் கிடந்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். கூடப் பிறந்தவன் போனால்கூட இப்படி அழுவேனா தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஆயிஷா என் கடைக்கு வந்தாள். கபுரில் ஒரு செடி வைக்க வேண்டும், அங்கே மண் கல்லாக இருக்கிறது, வாப்பா போட்ட உரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா அத்தை என்று கேட்டாள். கடைசித் தோங்கை அவரே மூடி வைத்திருந்தார். திறந்தோம். எல்லாம் கறுத்து, உதிரி உதிரியாக, மழை விழுந்த மண்ணைப் போல மணத்தது. வாளியில் அள்ளிக்கொண்டு இருவரும் மையவாடிக்குப் போனோம்.

ஆயிஷா செம்மண்ணைக் கொத்திக் குழி எடுத்தாள், செடியை வைத்தாள். நான் இரண்டு கையாலும் உரத்தை அள்ளிப் போட்டேன். எத்தனை கல்யாணத்து மாலை, எத்தனை சாமிக்குப் போட்ட மாலை அதில் கிடந்ததோ. எது என் பூ, எது அவர் தேத்தூள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாழைநார்த் துண்டு ஒன்று விரலில் தட்டுப்பட்டது, எடுப்பதற்குள் பொடியாகிவிட்டது.

போய் வாருங்கள், பாய். உங்கள் மாலையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.