தேரூர்க் குளத்தில் எரிந்த வலை

எங்கள் பேருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியபோது காலை ஒன்பதரை மணி. 1952 டிசம்பரின் கடைசி வாரம். காற்று வண்டிக்குள் புகுந்து, மடியில் சுருட்டி வைத்திருந்த படங்களைப் பிடுங்கப் பார்த்தது. எல்லாம் நானே வரைந்த பறவைப் படங்கள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இயற்கை அறிவியல் கற்பிக்கிறேன். தேரூர் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை ஞானம்மாள், குளிர்காலத்தில் குளத்துக்கு வரும் பறவைகளை வலைவைத்துப் பிடிக்கிறார்கள், நீங்கள் வந்து ஊராருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

நாகர்கோவிலில் வண்டி மாறிச் சுசீந்திரத்தில் இறங்கினேன். அங்கிருந்து நடைதூரம்தான். வயல்களில் இரண்டாம் போகமான கும்பப்பூ நெற்பயிர் பச்சை பிடித்து நின்றது. குளம் தெரிந்ததும் நின்றுவிட்டேன். தண்ணீரே தெரியாதபடி கிளுவை வாத்துகள் மிதந்தன. கரைச்சேற்றில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தின.

மாலை நான்கு மணிக்குப் பள்ளி முற்றம் நிறைந்திருந்தது. இமயத்துக்கு அப்பாலிருந்து இவை பறந்து வருவதையும், நம்மை நம்பி இறங்குவதையும் சொன்னேன். யாரும் அசையவில்லை. முடித்ததும் முன்வரிசையிலிருந்து வயல்காரர் மாதேவன் பிள்ளை எழுந்தார். இனி இந்தக் குளத்தில் ஒருவரும் வலை வைக்கக்கூடாது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாலைந்து பேர் எழுந்துபோய் ஒரு குடிசையிலிருந்து வலைகளை அள்ளிவந்து குளக்கரையில் போட்டுத் தீவைத்தார்கள். இசக்கியம்மை என்ற விதவையின் வலைகள் அவை. அவள் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. தடுக்க வேண்டும் என்று நினைத்தேன்; தடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஞானம்மாளை அழைத்துக்கொண்டு இசக்கியம்மையின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் எனக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள்.

"நீங்க சொன்னது செரிதான், டீச்சரம்மா. பிடிச்சது நான் ஒருத்தி. ஆனா தின்னவியெல்லாம் முன்னால இருந்து கேட்டாவளே, அவியகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லல்லியே."

யார் யார் என்று கேட்டேன். பெரும்பாலும் நாகர்கோவில் கோட்டாற்றுக் கடைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். சற்றுத் தயங்கி, போன வாரம் மாதேவன் பிள்ளை வீட்டுக்கும் ஆறு உள்ளான் போனது என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

ஞானம்மாள் அப்போதே எழுந்தார். இருவரும் மாதேவன் பிள்ளையின் களத்துக்குப் போய் அந்த ஆறு உள்ளானைப் பற்றிக் கேட்டோம். அவர் மறுக்கவில்லை.

"ஆமா, என் வீட்டிலயும் தின்னோம். கைதட்டும்போ அது ஓர்மை வரல்ல. அவள நாளைக்கு களைபறிக்க வரச்சொல்லுங்க. அறுப்புக்கும் அவளுக்கு இங்க வேல உண்டு."

இசக்கியம்மையிடம் சொன்னோம். எரிந்த வலைகளைப் பின்னத் தனக்கு இரண்டு மழைக்காலம் ஆனதைச் சொன்னாள். பிறகு, வருகிறேன் என்றாள்.

பகலில் கோட்டாற்றுக்குப் போனேன். படங்களை விரிக்கவில்லை. பறவை வாங்கும் மூன்று கடைகளிலும் ஏறி, வாங்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒருவர் யோசிப்பதாகச் சொன்னார். ஒருவர், கேட்டு வருகிறவர்களை என்ன செய்வது என்றார். மூன்றாமவர் சிரித்தார்.

மூன்று மணிக்குத் திருநெல்வேலி வண்டி கிளம்பியது. கணவாய்க் காற்று மறுபடி முகத்தில் அடித்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கும் பனிக்காலத்தில் பறவைக் கூடையோடு ஓர் ஆள் வருவான். அவன் எந்தெந்த வாசலில் கூடையை இறக்குவான் என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்று என் அண்ணன் வீடு. போன தையில் அங்கே இலை போட்டார்கள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.