ஓடு உண்மை, எழுத்துப் பொய்

"அண்ணை, இவர் விடிய எங்களை விட்டிட்டுப் போயிட்டார்." வெள்ளவத்தையிலிருந்து அருளானந்தம் சேரின் மனைவி போனில் சொன்னபோது நான் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் இருந்தேன். அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

சேர் பழைய இடங்களைத் தோண்டி ஆராய்ந்தவர். ஓய்வுபெற்ற பின் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பித்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நான் அவரைவிட மூத்தவன். எழுபது வயதுக்குப் பிறகு என் பெயரை முதன்முதல் எழுதிய அன்று தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "பீற்றர் அண்ணையை இண்டைக்குப் பிடிக்க ஏலாது" என்று சிரித்தார். அந்தச் சந்தோசம் இன்னும் இருக்கிறது. இதையும் மெதுவாக நானேதான் எழுதுகிறேன்.

ஒருநாள் வத்தளை வியாபாரி ஒருவர் பழைய பானை ஓடொன்றை மண்டபத்துக்கே கொண்டுவந்தார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருந்தார்.

"சேருக்குக் காட்டவெண்டு வடிவாக் கழுவினனான்."

"எங்க கிடந்தது?"

"அதை விடுங்க சேர். சாமான் ஒரிஜினல்."

"மேல என்ன மண், பக்கத்தில என்ன கிடந்தது? தோண்டினவன் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஓட்டை மட்டும் தந்திருக்கிறான். இதை வச்சு நான் என்னத்தைச் சொல்ல?"

அன்று பாடம் நடக்கவில்லை. முன்பு அப்படி வந்த, எழுத்துப் பொறித்த ஓர் ஓட்டை நம்பி, அந்த இடத்தில் வெகுகாலம் முன்பே எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்று சேர் கட்டுரை எழுதியிருந்தார். ஓடு பழையதுதான். எழுத்து, விலை ஏற்றுவதற்காக யாரோ புதிதாகக் கீறியது. அது தெரிந்ததும் தன் கட்டுரைக்குத் தானே மறுப்பு எழுதினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பின்னர் தனக்குக் கண் மங்கியபோது அந்த மறுப்பை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். நான் முழுதாக வாசித்த முதல் பக்கம் அதுதான்.

"விளங்குதா அண்ணை?"

"விளங்குது சேர். நீங்க ஏமாந்திட்டீங்க."

"என்னை நம்பினவையும் ஏமாந்திட்டினம். அதுதான் நித்திரை வருகுதில்லை."

செத்தவீட்டில் பேசிய ஒருவர் அந்தக் கட்டுரையில் வந்த ஓட்டையே சேரின் பெரிய கண்டுபிடிப்பு என்றார். நான் எழும்பினேன். "அது பிழையெண்டு சேரே எழுதினவர்."

"ஐயா, இண்டைக்கு அது கதைக்கிற நாளில்லை."

"இண்டைக்குத்தானே எல்லாரும் வந்திருக்கினம்."

சேரின் மனைவி பெட்டிக்கருகில் இருந்தபடியே சொன்னார்: "அண்ணையைக் கதைக்க விடுங்கோ."

அன்று வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேரின் அந்த நித்திரையின்மையை நான் வைத்துக்கொண்டேன். பேத்தியின் டியூசன் புத்தகத்தில் அந்த ஓட்டின் படம் இருக்கிறது. "இது பிழை" என்று கீழே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அழித்து அனுப்பிவிட்டார். இப்போது பேனையால் எழுதியிருக்கிறேன்.