சொந்த வீட்டை நடத்தத் தெரிந்தவர்

என் அப்பா பாஸ்டர். கோரிமேட்டில் எங்கள் வீட்டின் முன்பக்க ஹால்தான் சபை. ஆராதனை நேரத்தில் அந்த ஹாலுக்குள் நானும் அவரை மற்றவர்களைப் போல ‘ஐயா’ என்றுதான் கூப்பிட வேண்டும். சமையலறைக்குள் வந்த பிறகுதான் ‘அப்பா’. சபையில் எல்லாரும் பிள்ளைகள்தான், தனக்கென்று தனிப் பிள்ளை கிடையாது என்பது அவருடைய சட்டம். பாஸ்டருக்கு ஒரே மகளாகப் பிறந்து எனக்கு என்ன பிரயோஜனம்?

மூன்றாம் வகுப்பு விடுமுறையில் என் வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளும் அவள் அம்மாவும் திண்டிவனம் பக்கத்திலிருந்து துணைக்கு ஆளில்லாமல் பஸ்ஸில் வந்தவர்கள். அந்த அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வார்டுக்கு ஜெபிக்கப் போன அப்பா, குழந்தையை அங்கே விட மனமில்லாமல் கையோடு அழைத்து வந்துவிட்டார். கொஞ்ச நாள்தான் என்றார்கள். அவளானால் என் தட்டில் சாப்பிட்டாள், என் பாவாடையைக் கட்டிக்கொண்டாள், அப்பாவின் ஸ்கூட்டரில் நான் நிற்கும் இடத்தில் நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது. சபைக்கு வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்து ‘பாவம்’ என்றார்கள். என்னை ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா சபையின் மூப்பர்களுக்கு வேதபாடம் நடத்திக்கொண்டிருந்தார். சபையை நடத்துகிறவன் முதலில் தன் வீட்டை நடத்தத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறாராம். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட எனக்குத் தலைகால் புரியவில்லை. பவுலே என் பக்கம்!

பாடம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பா கேட்டுவிட்டு வைத்தார். மூப்பர்களை ஆஸ்பத்திரிக்கு முன்னால் அனுப்பிவிட்டு, அவளைத் தூக்கி ஸ்கூட்டரில் நிறுத்தினார். என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த சாயங்காலம் அது. ஓடிப்போய் வண்டியை மறித்தேன்.

“சொந்த வூட்டத்தான் மொதல்ல பாக்கணும்னு பைபிள்ல போட்டுருக்குது இல்ல? நீங்கதான சொன்னீங்க?”

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா என் தலையில் கை வைத்தார்.

“அதத்தாம்மா செய்யப் போறேன்” என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அம்மா இறந்துபோனது அப்போது எனக்கும் தெரியாது, வண்டியில் நின்றிருந்த அவளுக்கும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அடக்கம் முடிந்து அவளைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். எங்கே போய் வந்தார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் அம்மா, என் பாய்க்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு பாயைப் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவளிடம் போய், “உங்கம்மா எப்ப வந்து உன்ன கூட்டினு போவாங்க?” என்று கேட்டேன்.

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளோ அந்தப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள். இனிமேல் இந்த வீட்டிலேயே இருக்கப்போகிறவள் மாதிரி என்ன திமிர் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.