பாலோவின் படமுதலாளி

மலாயாவில், ஜொகூர் பக்கத்துப் பாலோ ரயில் நிலையத்துக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த ஐயாசாமி, தம் வாழ்நாளில் மூன்றே மூன்று சினிமாப் படங்கள் பார்த்திருந்தார். மூன்றிலும் பாதியிலேயே தூங்கிவிட்டார். அப்படிப்பட்டவர்தான் முப்பத்தாறாம் வருஷம் படமுதலாளி ஆனார். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பணம் போடுகிறவனுக்குப் படம் பார்க்கத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

இருபது வருஷமாக ரப்பர்த் தோட்டத்து ஜனங்களுக்குக் கைலியும் சீட்டித் துணியும் கிழித்துக் கொடுத்தவர் அவர். நேர்மையாகத்தான் அளந்தார். ஆனால் ஊரில் அவரைத் 'துணிக்கடைக்காரர்' என்றார்களே தவிர, ஐயாசாமி என்று யாரும் வாய் நிறையச் சொன்னதில்லை. அந்தக் குறை அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, பட்டுச் சால்வை போட்ட ஓர் ஏஜெண்டு சென்னையிலிருந்து வந்து இறங்கினான்.

"உங்க பேரைத் திரையில ஆள் உயரத்துக்குப் போடுறோம், முதலாளி" என்றான்.

ஐயாசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி ராசம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

"என்ன கதைங்க அது?" என்று மட்டும் கேட்டாள் ராசம்மா.

"முருகர் கதை. நாலு யானை வருது."

சாமி காரியம் என்றால் மறுக்கிற பெண்ணா அவள்? காசுமாலை அந்த வாரமே கப்பலேறியது.

ஒரு வருஷம் போயிற்று. படம் சென்னையில் வெளியானதாகக் கடிதம் வந்தது. ஜொகூர் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "படமுதலாளி, படம் எப்ப வருது?" என்று ரயிலுக்குக் காத்திருக்கிறவன் எல்லாம் கேட்க ஆரம்பித்தான். அந்தக் கேள்விக்குப் பயந்து கடையை மத்தியானமே சாத்திய நாட்களும் உண்டு. பாவம்தான். ஆனால் பாவப்பட்டுக்கொண்டே சிரிக்கத் தோன்றும்.

அப்போதுதான் சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்று போட்டி அறிவித்தது. அந்த வருஷத்துப் படங்களில் பொறுக்கியெடுத்த பதினான்கில் சிறந்தது எது? பத்திரிகையில் வரும் கூப்பனைக் கத்தரித்து, படத்தின் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். ஜெயிக்கும் படத்தை வரவழைத்து ஜொகூர் பாரு கொட்டகையில் காட்டுவார்கள். அதன் முதலாளிக்கு மேடையிலேயே தங்கப் பதக்கம்.

ஐயாசாமி விழித்துக்கொண்டார். படம் ஜெயித்தால்தான் பாலோக்காரர்கள் அவர் பெயரைத் திரையில் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் சாகிறவரைக்கும் துணிக்கடைக்காரர்தான்.

தபால் ரயிலில் பத்திரிகை கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. கத்தரித்து மிச்சமானதில் துணி மடித்துக் கொடுத்தார். பாலோவில் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் ஒரே இடத்தில் ஜன்னல் இருந்தது.

ஓட்டுப் போட ஆள்? அதற்குத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கிரகோரி இருந்தார். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்று குரல் வர வேண்டும்.

"அலமாக், முதலாளி! படத்தையே பார்க்காதவங்க எப்படிலா ஓட்டுப் போடுவாங்க?" என்றார் கிரகோரி.

"பார்த்தவங்க மட்டும்தான் போடணும்னு அதுல எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. மறுநாள் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"காளியப்பன்! முதலாளியோட படம்தானே?"

"இருக்கேங்க!"

"சரி, அதே படம்" என்று கூப்பனில் எழுதிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் தோட்டம் முழுவதும் கலாரசிகர்கள் ஆகிவிட்டார்கள். ஊருக்குக் கப்பலேறிப் போனவர்களும், போன மாதம் காய்ச்சலில் செத்தவர்களும்கூட அந்தப் படத்தைத்தான் விரும்பினார்கள். பெயர்ப் பட்டியலில் அவர்களை இன்னும் அடிக்கவில்லை.

படம் ஜெயித்தது. பாட்டுக்குப் பேர் போன ஒரு நடிகரின் படத்தைக் கண்ணீர் விட்டுப் பார்த்த ஜனங்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஆளுக்கு ஒரு கூப்பன்தான் அனுப்பியிருந்தார்கள், அசடுகள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜொகூர் பாரு கொட்டகைக்குப் பாலோவிலிருந்து ஒரு ரயில் பெட்டி நிறைய ஆட்கள். ஐயாசாமி கோட்டு போட்டு, ராசம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்.

"படமுதலாளி மேடைக்கு வரலாம்" என்று பத்திரிகைக்காரர் கூப்பிட்டார்.

ஐயாசாமி எழுந்தார். கூடவே இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். செடெனாக்கில் கள்ளுக்கடைக் குத்தகை எடுத்திருந்த மணியம் ஒருவர். உலு திராம் லாரி முதலாளி சதாசிவம் இன்னொருவர். மூன்று பேரும் கோட்டு. மூன்று பேரும் பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டினார்கள்.

பத்திரிகைக்காரருக்கு வேர்த்தது. "கதையை ரெண்டு வார்த்தையில சொல்லுங்க, யார் நிஜ முதலாளின்னு தெரிஞ்சிடும்" என்றார்.

"முருகர் கதை" என்றார் ஐயாசாமி.

"குதிரைச் சண்டை, சாட்டையடி" என்றார் மணியம்.

"விதவை மறுமணம்" என்றார் சதாசிவம்.

கொட்டகை கொல்லென்று சிரித்தது. மூன்று பேரில் ஒருவரும் படத்தைப் பார்த்ததில்லை. ஏஜெண்டு ஒரே படத்துக்கு மூன்று பேரிடமும் பணம் வாங்கி, ஆளுக்குத் தகுந்த கதை சொல்லியிருக்கிறான். நல்ல கெட்டிக்காரன், பதக்கம் அவனுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"சரி, படத்தைப் போடுவோம். திரையில யார் பேரு வருதோ அவருக்கே பதக்கம்" என்று முடித்துவிட்டார் பத்திரிகைக்காரர்.

ஐயாசாமி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. சென்னை முதலாளி ஒருவர் பெயர் ஆள் உயரத்துக்கு வந்தது. அடுத்து அவருடைய மைத்துனர்கள். அடுத்து வக்கீல், சமையல் மேற்பார்வை, குதிரைக்காரன். எல்லோரும் வந்து போன பிறகு, கடைசி அட்டையில், அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: 'மற்றும் மலாயா அன்பர்கள் சிலர்.'

பத்திரிகைக்காரர் பதக்கத்தைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் கிரகோரி அந்த வரியைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எழுத்துத் தெரியாத ராசம்மா, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுல உங்க பேரு எது?"

ஐயாசாமி விரலை நீட்டினார்.

"அதோ, கடைசியில இருக்குது பாரு. ஐயாசாமின்னு."

ராசம்மா அந்த வரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நம்ம கடைப் பலகையைத் துடைச்சு, சந்தனம் வைக்கிறது நான்தானேங்க. உங்க பேரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அந்தப் பேரு இல்ல."