மூன்று மடக்கு கறுப்பு பீர்

ருசி பார்த்துச் சொல்கிற வேலையில் நாக்கு உழைக்கும், பெயர் கெடும். இதே மாதிரி வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வெறும் வயிறு

போடியில் ஏலக்காயை மோந்து தரம் சொல்கிறவன் நான். யாரிடமும் படித்ததில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். பெங்களூரில் பெல்ஜியம் பாணியில் கறுப்பு பீர் காய்ச்சுகிற சரவணன், அதில் ஏலக்காய் போடுவதால் என்னைத் தேடி வந்தார். மாதம் ஒரு பாட்டில், பர்மிட்டோடு வரும்; ருசியை எழுதி அனுப்பினால் கூலி. ஐஸ் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் மூன்று மடக்கு. துப்பவும் கூடாது, தொண்டையில் இறங்கினால்தான் கடைசிக் கசப்பு தெரியும் என்றார்.

முதல் மடக்கில் கருப்பட்டி, அப்புறம் உலர்ந்த திராட்சை, பின்னால் நெஞ்சில் ஒரு சூடு. கண்ணை மூடி அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த பக்கத்துக் கடைப் பாண்டி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, ஐஸும் இல்ல, தொட்டுக்கவும் இல்ல, காலங்காத்தால கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கிறீகளே, அக்கா போனதுலருந்தே இப்படித்தானா?"

புகை

நாலாவது பாட்டிலில் எல்லாம் சரியாக இருந்து, விழுங்கிய பிறகு விறகுப் புகை வாசம் நாக்கில் தங்கியது. காய் உலர்த்துகிற அறையில் புகைக்குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். காய் கொடுத்தவர் குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ராசு என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். கம்பெனி அவரிடம் வாங்குவதை நிறுத்தியது. மறுநாளே ராசு ஜீப்பில் இறங்கி வந்தார்.

"இருவது வருசமா என் காய மோந்து நல்லாருக்குன்னீரு. நாலு பாட்டில் உள்ள போனதும் பொகை அடிக்குதாக்கும்?"

மாதிரித் தட்டு

நான் குடிக்கிறேன் என்ற பேச்சு ஏல மையத்துக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. என் சொல்லைக் கேட்டுத்தான் விலை வைப்போம் என்றிருந்த வியாபாரிகள், வேறு ஆட்களை வைத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தது தேவாரத்து முருகேசன் ஒருவன். அவனுக்காக ஒருநாள் மாதிரித் தட்டை மூக்கருகில் கொண்டுபோனேன். அன்று டீ தவிர எதுவும் குடித்திருக்கவில்லை. அவன் மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீக மாமா, ஒங்க வாய் வாசம் காயில ஏறிரும், செத்த தள்ளி நில்லுங்க."

கடைசி பாட்டில்

இனி சோறு போடப் போவது பீர்தான் என்று தெரிந்தும், கடைசியாக வந்த பாட்டிலுக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. ஏலக்காய் மற்ற எல்லாவற்றையும் அமுக்கி, இருமல் மருந்து மாதிரி இருந்தது. பாதியாகக் குறையுங்கள் என்று எழுதினேன். சரவணன் போனில் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அந்த வாசனைக்காகத்தான் ஜனங்க திரும்பத் திரும்பக் கேக்குறாங்க, இனிமே உங்களுக்குப் பாட்டில் அனுப்பல, கொஞ்சமாவது குடிக்கிற பழக்கம் இருந்திருந்தா உங்களுக்கே புரிஞ்சிருக்கும்."

போடியில் குடிகாரன், பெங்களூரில் குடிக்கத் தெரியாதவன் என்று ஒரே வருடத்தில் இரண்டு பெயரும் வாங்கியவர் உங்களில் வேறு யாராவது இருந்தால் வாருங்கள், எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.