ரைட்டு கேட்கும் வரை

ஒரகடம் கூட்டுரோட்டில், ஒரு தெரு நீளத்துக்குக் காற்றாலை இறக்கையை ஏற்றிய டிரெய்லர் திரும்புகிறது. இறக்கையின் நுனி டீக்கடைக் கூரைக்கு மேலே ஊர்ந்து வருகிறது. கடைக்கார அம்மா பால் சட்டியோடு வெளியே ஓடிவந்து நிற்கிறார். முன்னால் இருக்கும் டிரைவருக்கு இந்தக் கோடி தெரியாது. பின்னால் நடந்துவருபவர் வாக்கி டாக்கியில் விடாமல், "ரைட்டு... ரைட்டு... ரைட்டு..." என்கிறார்.

"எப்பண்ணா ஸ்டாப்னு சொல்லுவீங்க?" என்று அவரிடம் கேட்டுவிடுகிறேன்.

"சொல்றதே இல்ல சார். ரைட்டு கேக்குற வரைக்கும் வண்டி வரும். கேக்கலன்னா நின்னுடும். நான் மயங்கி வுழுந்தாலும் நிக்கணும் இல்ல?"

அப்போதுதான் அண்ணாந்து பார்க்கிறேன். என் ஒரு கேள்விக்காக அத்தனை பெரிய இறக்கையும் கூரைக்கு ஒரு சாண் மேலே அசையாமல் நிற்கிறது.